தேருக்கும் முட்டுக்கட்டை உண்டு!

"கண்ணு தெரியலையா உனக்கு?"

இது லாரியின் மேலிருந்து பாய்ந்து வந்த கேள்வி.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுண்ணே! உங்களுக்குத்தான் நான் தெரியலை!"

இது சைக்கிளோடு மண்ணில் சாய்ந்து கிடந்தவனிடமிருந்து எழுந்த பதில்.

இடம் தாடிக்கொம்பு. திண்டுக்கல்லிலிருந்து வடக்கே, கரூர்ப் பாதையில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் சென்றால் வரும் ஊர். குடகனாற்றங்கரை ஊர். சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் கல்தூண்களிலே தமிழ்ச் சிற்பியின் உளி பேசுவதைக் காண வெளியூரார் தேடி வரும் ஊர். நேரமோ, பொழுது சாய்ந்து ஆள் முகம் தெரியாத வேளை. கிளைக் கழகக் கூட்டத்துக்குச் சென்றிருந்த நாம், கூட்டம் தொடங்கச் சற்று நேரமிருந்ததால், சாலையோரத் தேநீர்க் கடையிலே தோழர்களோடு அமர்ந்திருந்தோம். 'கிரீச்' என்றொரு சத்தம். எல்லோரும் எழுந்து ஓடினோம்.

நல்லவேளை, உயிருக்குச் சேதமில்லை. நூற்பாலையில் நைட் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞன் அவன். பின்னால் வந்த லாரி, கடைசி நொடியில் அவனைக் கண்டு வலப்புறம் ஒடித்துக்கொண்டு நின்றது. அவன் இடப்புறம் மண்ணிலே சரிந்தான். முழங்கையிலே சிராய்ப்பு. ஹாண்டில்பாரிலே தொங்கிய தூக்குவாளி உருண்டு திறந்து, அவனுடைய அன்றைய இராச் சாப்பாடு சாலையிலே சிதறிக் கிடந்தது.

அந்தச் சோற்றைக் கண்டதும் லாரி ஓட்டுநரின் கோபம் அடங்கிவிட்டது. இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். "வா தம்பி, ஒரு டீ குடி" என்றார். இருவரும் நமக்கு எதிரே அமர்ந்தார்கள். ஒருவர் சக்கரத்தைத் திருப்பிப் பிழைக்கிறவர். மற்றவன் சக்கரத்தை மிதித்துப் பிழைக்கப் போகிறவன். இருவருமே தொழிலாளர்கள். இருவரையுமே வீட்டிலே ஒரு விளக்கு காத்திருக்கிறது.

சண்டை தேநீரிலே கரைந்தது. கேள்விகள் பிறந்தன. கூடியிருந்த தோழர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அவற்றை உங்கள் முன் வைக்கிறோம். ஏனெனில், அந்தக் கேள்விகள் தாடிக்கொம்புக்கு மட்டும் உரியவை அல்ல. வேடசந்தூரிலும் கேட்கப்படுகின்றன, ஒட்டன்சத்திரத்திலும் கேட்கப்படுகின்றன, நெடுஞ்சாலை நெஞ்சைக் கிழித்துக்கொண்டு போகும் ஒவ்வோர் ஊரிலும் கேட்கப்படுகின்றன.

முதற் கேள்வி இளைஞனுடையது: "ரோட்டுல இடப்பக்கம் ஓரமாத்தானே போனேன்? அப்புறம் ஏன் தெரியலை?"

ஓட்டுநர் சொன்னார்: "கறுப்புச் சட்டை போட்டிருக்கே. சைக்கிள்ல விளக்கு இல்லை. பின்னாடி சிவப்புக் கண்ணாடியும் இல்லை. எதிரே ஒரு காரன் முழு வெளிச்சத்தை என் கண்ணுல அடிச்சுட்டுப் போனான். அந்த ரெண்டு நொடி நான் குருடன் தம்பி!"

இரண்டு நொடி! கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது, அல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடிக் குருட்டிலே 34 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆளைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர இன்னொரு நொடி. மிதித்த பிறகும் பாரம் ஏற்றிய லாரி உடனே நிற்குமா? இன்னும் இருபத்தைந்து, முப்பது மீட்டர் இழுத்துக்கொண்டு போகும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகிறது! இது எந்த ஓட்டுநரின் திறமைக்கும் அடங்காத கணக்கு. வீரன் ஓட்டினாலும் அதுதான். கோழை ஓட்டினாலும் அதுதான்.

ஆகவே, சைக்கிள் தோழனே! உன் வண்டியின் பின் மட்கார்டிலே சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கட்டும். வரும் விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் எளிய பொருள் அது. அதற்குப் பேட்டரி வேண்டாம், டைனமோ வேண்டாம். பெடலிலும் சக்கரத்திலும் இருந்தால் இன்னும் நல்லது; அவை சுழல்வதைக் கண்டாலே 'சைக்கிள் போகிறது' என்று தொலைவிலேயே தெரிந்துகொள்வான். இரவு வேலைக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போடு. கறுப்புச் சட்டையைக் கழற்றச் சொல்கிறாரே என்று கழகத் தோழர்கள் சினம் கொள்ள வேண்டாம்! கறுப்புச் சட்டையை மேடைக்குப் போடுங்கள், ஊர்வலத்துக்குப் போடுங்கள். இருட்டிலே சைக்கிள் மிதிக்கும்போது மட்டும் வேண்டாம் என்கிறோம். கொள்கையைக் காக்கக் கொள்கைவீரன் உயிரோடு இருக்கவேண்டும் பாருங்கள்!

கார் வைத்திருக்கும் கனவான்களுக்கும் ஒரு சொல். எதிரே வண்டி வரும்போது விளக்கைத் தாழ்த்துங்கள். 'டிம்' அடிப்பதற்குப் பெட்ரோல் செலவாகாது. ஒரு விரல் அசைவு அது. அந்த விரல் அசையாததால் ஒரு குடும்பம் அசைந்துபோகிறது.

கடைக்காரப் பெரியவர் குறுக்கிட்டார். "அந்தக் காலத்துல சைக்கிளுக்கு விளக்கு இல்லேன்னா போலீஸ் பிடிக்கும். இப்ப யாரும் கேக்குறதில்லையே!" உண்மைதான். ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி இருந்தது. நகராட்சியும் பஞ்சாயத்தும் வரியை வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்தன. வில்லையில்லாத வண்டியைப் பிடித்தார்கள். எண்ணெய் விளக்கு எரியாத வண்டியின் காற்றைப் பிடுங்கி விட்டார்கள். டபுள்ஸ் போனவனை இறக்கி விட்டார்கள். ஏழையின் வாகனத்தின் மீது எத்தனை கண்! இன்று வரி இல்லை, நல்லது. ஆனால், வரியோடு சேர்ந்து அக்கறையும் போய்விட்டதே, அதுதான் வேதனை. அன்று காசுக்காகவாவது சைக்கிள்காரனைக் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று சாலை போடுகிறவனுக்கும் தெரியவில்லை, சட்டம் போடுகிறவனுக்கும் தெரியவில்லை.

அடுத்த கேள்வி, டி.வி.எஸ். 50-இல் கீரைக்கட்டு ஏற்றி வந்த தோழருடையது. "லாரி மெதுவாத்தானே திரும்புது, இடப்பக்கம் சந்துல நுழைஞ்சு போயிரலாம்னு போனேன். நசுக்கப் பார்த்துட்டான்!"

ஓட்டுநர் தலையிலே அடித்துக்கொண்டார். "அது கிளீனர் பக்கம்பா! அங்கே நீ நின்னா என் கண்ணாடியிலகூட விழ மாட்டே!" நாம் அவரிடம் கற்றதைச் சொல்கிறோம். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலே வருவதில்லை. உள்வாங்கி வெட்டிக்கொண்டு வருகிறது. முன்சக்கரம் விலகிப் போயிற்றே என்று நீங்கள் நிம்மதி கொள்ளும் இடத்தில்தான் பின்சக்கரம் வந்து சேரும். இடப்புறம் திரும்பும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்புறத்தில் நுழையாதீர்கள். ஒரு நிமிடம் பின்னால் நில்லுங்கள். கீரை வாடாது. வாடினாலும் பரவாயில்லை, கீரைக்காரர் வாடக்கூடாது.

பேசிக்கொண்டே நாம் அந்த லாரியைப் பார்த்தோம். முன்னாலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. கண்ணாடியிலே மூன்று சாமிப் படங்கள். "அண்ணே, பிரேக் எப்படி?" என்று கேட்டோம். "கொஞ்சம் லூசுதான். முதலாளிகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன்" என்றார்.

இதுதான், தோழர்களே, இதுதான் நம்மை உறுத்துகிறது! எலுமிச்சம்பழம் புதிது, பிரேக் பழையது. ஆயுத பூசைக்குப் பூசணிக்காய் வாங்கப் பணம் தரும் முதலாளி, பிரேக் லைனிங் மாற்றப் பணம் தர யோசிக்கிறார். பூசணிக்காயை நடுச்சாலையிலே உடைத்துவிட்டுப் போகிறார்கள். அதிலே வழுக்கி விழுகிறவன் யார்? மீண்டும் நம் சைக்கிள்காரன்தான்! ஒருவனுடைய திருஷ்டியைக் கழிக்க இன்னொருவனுடைய எலும்பா விலை?

"கடவுளை நம்புறது தப்பாண்ணே?" என்று ஒரு பக்தர் கேட்டார். அவரைப் புண்படுத்த நாம் விரும்பவில்லை. ஆனால், ஒன்று கேட்டோம்: "ஐயா, தேரோட்டம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தேரின் மேலே யார்?" "சாமி." "சக்கரத்துக்குப் பக்கத்திலே கட்டையோடு ஓடுகிறவர் யார்?" "முட்டுக்கட்டை போடுறவர்." "சாமியே ஏறியிருக்கும் தேருக்கு முட்டுக்கட்டை எதற்கு?"

பக்தர் சிரித்துவிட்டார். கடையே சிரித்தது. ஆம், தோழர்களே! ஆண்டவன் அமர்ந்திருக்கும் தேரைக்கூட, தெருமுனையிலே நிறுத்துவது மந்திரமல்ல, மரக்கட்டை. அந்தக் கட்டையைச் சரியான நொடியிலே சக்கரத்தின் கீழே தள்ளுகிறவன் ஓர் உழைப்பாளி. அவன் கை தவறினால், மேலே எந்தத் தெய்வம் இருந்தாலும் கீழே நசுங்குகிறவன் நசுங்கியே தீருவான். தேருக்கே முட்டுக்கட்டை வேண்டுமென்றால், உன் லாரிக்கு வேண்டாமா? உன் சைக்கிளுக்கு வேண்டாமா? பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ரிம்மிலே சொட்டாமல் விடுங்கள். எண்ணெய் பட்ட ரிம்மைப் பிரேக் பிடிக்காது.

விபத்து நடந்தால் 'தலைவிதி' என்கிறார்கள். தலைவிதி என்று ஒன்றில்லை, சாலைவிதி என்று ஒன்று உண்டு. முன்னதை எழுதியவனை எவனும் பார்த்ததில்லை. பின்னதை எழுதியவர்களை நாம் அறிவோம். திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமையுண்டு.

"எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறீர்கள்?" என்று ஓட்டுநரைக் கேட்டோம். விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தவராம். 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேர ஓட்டத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. அந்தச் சட்டம் பின்னர் 2020-இன் தொழிற்சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. சட்டம் வீடு மாறியது. ஓட்டுநரின் தூக்கம் மட்டும் வீடு வந்து சேரவில்லை. தூக்கக் கலக்கத்தில் கண் செருகுகிறவனை நாம் திட்டுகிறோம். அவனைத் தூங்கவிடாத வாடகைக் கணக்கை யார் திட்டுவது?

"அடிச்சவன் ஏன் நிக்காம ஓடுறான்?" என்று ஒரு தோழர் கேட்டார். ஓட்டுநர் மெல்லச் சொன்னார்: "நின்னா அடிச்சே கொன்னுருவாங்கங்கிற பயம்." மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? விபத்துக்குக் காரணமான ஓட்டுநரே காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க முனைய வேண்டும்; கூட்டத்தின் ஆவேசம் போன்ற, தன்னை மீறிய காரணம் இருந்தாலொழிய ஓடக்கூடாது என்கிறது. கூட்டத்தின் கோபத்தைச் சட்டமே அறிந்து வைத்திருக்கிறது! எனவே ஊராருக்குச் சொல்கிறோம்: ஓட்டுநர்மீது கை வைக்காதீர்கள். கை ஓங்கும் அந்த ஐந்து நிமிடத்திலே, கீழே கிடப்பவனின் குருதி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநருக்கும் சொல்கிறோம்: நிற்க அஞ்சினால், அடுத்த காவல் நிலையத்திலாவது போய் நில்லுங்கள். 108-ஐ அழையுங்கள். 2008-இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு வந்த அந்த வண்டியின் எண், ஒவ்வொரு தொழிலாளியின் நாவிலும் இருக்க வேண்டும்.

"தூக்கிட்டுப் போனா கேஸு, கோர்ட்டுனு இழுப்பாங்களே?" என்ற அச்சம் இன்னும் ஊரில் உண்டு. அந்த அச்சம் இனி வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019 திருத்தம் அதைச் சட்டமாகவே எழுதியது. உதவியவர் தம் பெயரைச் சொல்லவேண்டுமென்றுகூட எவரும் கட்டாயப்படுத்த முடியாது.

"ஆஸ்பத்திரிச் செலவு?" — இதுதான் ஏழையின் முதல் கேள்வி. இங்கேதான், தோழர்களே, டில்லிக்கும் தமிழகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். விபத்தில் சிக்கியவருக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2019-இல் டில்லி சட்டத்திலே எழுதியது. எழுதிவிட்டு எடுத்து வைத்தது. நாடு முழுமைக்குமான திட்டமாக அது வெளிவந்தது 2025 மே மாதத்தில்! ஆனால், 2021 டிசம்பர் 18 அன்றே மு.க.ஸ்டாலின் அவர்களின் அரசு மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரம், தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே செலவை ஏற்றது. தமிழரா, வெளி மாநிலத்தவரா, அட்டை உண்டா, இல்லையா என்று பாராமல் ஏற்றது. காகிதத்தில் எழுதியவர் அவர். கட்டிலருகே வந்தவர் நம்மவர்!

மோதிவிட்டு மறைந்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதற்கு வருவாய்த்துறை அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2019 திருத்தம் ஆறு மாதம் என்று கெடு வைத்திருப்பதால் காலம் தாழ்த்தக் கூடாது. அழுது முடிக்கவே ஆறு மாதம் போதாத வீட்டிலே, மனு எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கிளைக் கழகத் தோழர்களே, அதுதான் உங்கள் வேலை! கொடி கட்டுவது ஒரு தொண்டு என்றால், ஒரு விதவைக்கு மனு எழுதித் தருவது அதனினும் பெரிய தொண்டு.

இனி, எல்லாக் கேள்விக்கும் அடியிலே கிடக்கும் பெருங்கேள்வி. இந்தச் சாலை யாருக்கு?

ஒன்றிய அரசின் கணக்கையே பாருங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர மோட்டார் வண்டியில் சென்றவர்கள். 32,825 பேர் வெறுங்காலோடு நடந்தவர்கள்! தமிழ்நாட்டிலே அந்த ஓராண்டில் 64,105 விபத்துகள். விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம். மாண்டவர் 17,884 பேர். நாளுக்கு 49 பேர். எத்தனையோ துறைகளில் முதலிடம் என்று மார்தட்டுகிற நாம், இந்த முதலிடத்துக்குத் தலைகுனியத்தான் வேண்டும். தலைகுனிந்தால் மட்டும் போதாது. தலைக்கவசத்தை மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கவும் வேண்டும். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சிப் பெட்ரோல் டாங்கின்மேல் கவசத்தை வைத்துப் போகிறவர்களே, டாங்குக்கு மூளை இல்லை, உங்களுக்கு இருக்கிறது!

நாற்கரச் சாலை வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லை. காசுமீரத்துச் சீநகரிலிருந்து குமரி வரை ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திண்டுக்கல் வழியே போகிறது. சரக்கு ஓடட்டும், தொழில் வளரட்டும். ஆனால், சாலையின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் ஆலையும் இருப்பவன் எந்த வழியாகக் கடப்பான்? சைக்கிளுக்கு ஓரத் தடம் எங்கே? கடக்கும் இடத்தில் விளக்கு எங்கே? உள்ளூர்ப் பேரூராட்சி தன் விருப்பப்படி அந்தச் சாலையிலே ஒரு சர்வீஸ் ரோடு போட முடியுமா? முடியாது. தேசிய நெடுஞ்சாலை, அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே ஒன்றியப் பட்டியலில், 23-ஆம் இடத்தில் இருக்கிறது. ஏனைய சாலைகள் மாநிலப் பட்டியலில். மோட்டார் வண்டிகளோ பொதுப்பட்டியலில். சாகிறவன் நம் ஊர்க்காரன். சாலையின் சாவி டில்லியிலே! 1969-இல் அமைத்த இராசமன்னார் குழு முதல் இந்த இயக்கம் மாநில சுயாட்சி கேட்பது, கோட்டையிலே கொலுவிருக்க அல்ல. தாடிக்கொம்புச் சைக்கிள்காரன் கடக்கும் இடத்திலே ஒரு விளக்கு வைக்கும் அதிகாரத்துக்காகவும்தான்.

1973-இல், மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவைக் கலைஞர் ஒழித்தார். இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா தந்தார். மனிதன் மாடல்ல என்று சொன்ன ஆட்சி அது. அதன் அடுத்த வரியை நாம் எழுதவேண்டும்: மனிதன் வேகத்தடையும் அல்ல!

இந்த இயக்கம் சைக்கிளிலே வளர்ந்தது. ஹாண்டில்பாரிலே கொடி, கேரியரிலே ஏட்டுக் கட்டு, பசை வாளி ஒரு கையில் என்று ஊர் ஊராய்ப் போனவர்கள் நம் முன்னோடிகள். அந்தச் சைக்கிளுக்குச் சாலையிலே இடமில்லை என்றால், நாம் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? உங்கள் ஊரிலே எந்தெந்த இடத்தில் விளக்கில்லை, எங்கே கடக்க வழியில்லை என்று பட்டியல் எடுங்கள். ஊர் மக்களின் கையொப்பம் வாங்குங்கள். ஆட்சியரிடம் கொடுங்கள், நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்.

கூட்டத்துக்கு நேரமாயிற்று. எழுந்தோம். ஓட்டுநர் கடையிலே நான்கு பரோட்டா கட்டச் சொல்லி, இளைஞனின் தூக்குவாளியிலே வைத்தார். "காசு எதுக்குண்ணே" என்று அவன் கூசினான். அவர் பதில் சொல்லாமல் லாரிக்குப் போய், கதவின் உட்புறத்திலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தார். லாரியின் பின்புறம் ஒட்டியது போக மீந்த சிவப்பு ஒளிப்பட்டை. ஒரு சாண் கிழித்தார். தம் துண்டாலே சைக்கிளின் பின் மட்கார்டைத் துடைத்தார். அழுத்தி ஒட்டினார்.

"இப்பப் போ. எவன் வந்தாலும் உன்னைப் பார்ப்பான்" என்றார்.

"நீங்களும் அந்தப் பிரேக்கைப் பாருங்கண்ணே. முதலாளி செய்யலேன்னா வண்டியை எடுக்காதீங்க" என்றான் இளைஞன்.

இளைஞன் மிதித்துச் சென்றான். கடந்துபோன ஒவ்வொரு வண்டியின் விளக்கிலும் அந்தச் சிவப்பு மின்னி மின்னிக் காட்டியது. கண்ணுக்கு மறையும் வரையில் நாம் பார்த்துக்கொண்டே நின்றோம்.